'ஸோய் பியூதா'வா, 'எஸ்தோய் பியூதா'வா? ஸ்பானிஷில் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் பற்றிய சொற்கள்

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாக வீட்டிலிருந்தே ஸ்பானிஷ் படிக்கிறேன். எனக்கு வயது 58. மகன் வலென்சியாவில் வேலை பார்க்கிறான். அந்த ஊர்ப் பெண்ணைத்தான் கட்டப் போகிறான், செப்டம்பரில் கல்யாணம். பெண் வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள் இல்லை. அவர்களோடு மகனை நடுவில் வைத்துப் பேச எனக்கு மனசில்லை, அதனால்தான் இந்தப் படிப்பு.

மூன்று சந்தேகம். முதலாவது, என்னை அறிமுகப்படுத்திக்கொள்வது. என் கணவர் தவறி நான்கு வருடம் ஆகிறது. ஸ்பானிஷில் 'இரு' என்பதற்கு இரண்டு வினை. 'ஸேர்' நிரந்தரத்துக்கு, 'எஸ்தார்' தற்காலிகத்துக்கு என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் கல்யாணம் ஆனவருக்கு 'எஸ்தோய் கஸாதா' என்று ஏன் சொல்லித் தருகிறார்கள்? கல்யாணம் தற்காலிகமா? கணவனை இழந்தவள் என்பதற்கு நான் ஸேர் போட்டு 'ஸோய் பியூதா' என்று சொல்ல வேண்டுமா, எஸ்தார் போட்டு 'எஸ்தோய் பியூதா' என்றா?

இரண்டாவது, இதுதான் மனதை அரிக்கிறது. நம் ஊரில் நல்ல காரியம் நடக்கும் வீட்டில் 'விதவை' என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'பியூதா'வும் அப்படித்தானா? கல்யாண வீட்டில் நானே அதைச் சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மூன்றாவது, பெண்ணின் அம்மாவை நான் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? அகராதியில் தேடிப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை.

மஞ்சள்நோட்டு எழுதியது:

வணக்கம் அம்மா. பதினொரு வருடமாக ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் முதல் கேள்வி வராத வகுப்பே கிடையாது.

அந்த நிரந்தரம், தற்காலிகம் விதியை முதலில் தூக்கிப் போடுங்கள். இறந்துபோன ஒருவரைப் பற்றி ஸ்பானிஷில் 'எஸ்தா முவேர்த்தோ' என்பார்கள், எஸ்தார் போட்டு. சாவைவிட நிரந்தரமானது என்ன இருக்கிறது? அந்த இடத்திலேயே விதி உடைந்துவிடுகிறது.

தமிழிலேயே யோசித்துப் பாருங்கள். 'எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது' என்கிறோம். 'ஆகி' என்பது நடந்து முடிந்த காரியம். 'இருக்கிறது' என்பது அதற்கப்புறம் தொடரும் நிலை. கதவு திறந்திருக்கிறது, பால் திரிந்திருக்கிறது, எல்லாம் ஒரே அச்சு. 'கஸாதோ' என்பது 'கஸார்' என்ற வினையிலிருந்து பிறந்த எச்சம். அதோடு எஸ்தார் சேர்ந்தால் நம் 'ஆகியிருத்தல்' அப்படியே வந்துவிடும். 'லா புவேர்த்தா எஸ்தா அபியேர்த்தா', கதவு திறந்திருக்கிறது. 'லா ஹிஹா எஸ்தா கஸாதா', மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. ஒன்று நடந்தது, அதன் விளைவு நிற்கிறது. எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது கேள்வியே அல்ல.

கல்யாணமாகாதவரைக் குறிக்கும் 'ஸொல்த்தேரோ' எந்த வினையிலிருந்தும் வரவில்லை. லத்தீனின் 'ஸோலிதாரியுஸ்', அதாவது தனித்திருப்பவர் என்ற சொல்தான் தேய்ந்து அப்படி ஆயிற்று. ஒன்றும் நடக்காதபோது விளைவு எங்கிருந்து வரும்? அதனால் 'ஸோய் ஸொல்த்தேரா' என்று ஸேர் இயல்பாக அமைகிறது. 'எஸ்தோய் ஸொல்த்தேரா' என்றும் இளைஞர்கள் சொல்வார்கள். 'இப்போதைக்கு எனக்கு யாரும் இல்லை' என்ற தொனி அதில் வரும்.

உங்கள் வாக்கியம் 'ஸோய் பியூதா'. ஆனால் அதைவிட இதமாக ஒன்று இருக்கிறது: 'மெ கெதே பியூதா ஆதே க்வாத்ரோ ஆஞோஸ்'. நான்கு வருடம் முன்பு நான் தனியாக நின்றுவிட்டேன் என்பதுபோல. 'கெதார்ஸே' என்றால் எஞ்சி நிற்பது. 'மி மரீதோ ஃபயேஸியோ' என்றும் சொல்லலாம், என் கணவர் காலமாகிவிட்டார். கேட்பவர் 'லோ ஸியேந்த்தோ முச்சோ' என்பார், மனம் வருந்துகிறேன் என்று. அதற்கு 'கிராசியாஸ்' என்றால் போதும்.

துறைமுகத்தெரு எழுதியது:

மஞ்சள்நோட்டு சார், உங்களோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. நிரந்தரம், தற்காலிகம் என்ற விதி முழுக்கச் சரியில்லைதான். ஆனால் படிக்கத் தொடங்கிய ஆளுக்கு அது ஊன்றுகோல். 'எஸ்தோய் கன்ஸாதோ' (களைப்பாக இருக்கிறேன்), 'ஸோய் ஆல்த்தோ' (நான் உயரமானவன்) என்று நூறு வாக்கியத்தில் தொண்ணூறு அதில் அடங்கிவிடுகிறது. முதல் மாதத்திலேயே வினையெச்சம் என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள்.

மஞ்சள்நோட்டு எழுதியது:

நண்பரே, ஊன்றுகோல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோல் ஆங்கிலப் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை, அதனால் அவர்களுக்கு ஏதோ ஒரு விதி தேவைப்பட்டது. நமக்கு 'அவர் ஆசிரியர்' என்பதில் வினையே இல்லை, 'அவர் களைத்திருக்கிறார்' என்பதில் 'இரு' வருகிறது. வித்தியாசம் நம் வாயிலேயே இருக்கிறது. எல்லா இடத்திலும் பொருந்தும் என்று சொல்லவில்லை. 'கல்யாணம் ஆகியிருக்கிறது' என்ற இந்த ஒரு வாக்கியத்துக்கு இதைவிட நல்ல சாவி எனக்குத் தெரியவில்லை.

லீமாவாசி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பெருவில் ஆறு வருடம். இங்கே 'ஸோய் கஸாதோ' என்றுதான் காதில் அதிகம் விழுகிறது. 'எரெஸ் கஸாதோ?' என்றுதான் டாக்ஸிக்காரர் முதல் பக்கத்து வீட்டு அம்மா வரை கேட்கிறார்கள். முதலில் நான் தப்பு என்று நினைத்தேன்.

மஞ்சள்நோட்டு எழுதியது:

தப்பில்லை. எஸ்தாதோ ஸிபில் (படிவத்தில் கேட்கும் திருமண நிலை) சொற்களுக்கு இரண்டு வினையும் வரும் என்று ஸ்பெயின் மொழி அகாதெமியும் ஏற்கிறது. ஸேர் போட்டால் 'நான் கல்யாணமானவர்கள் வகையைச் சேர்ந்தவன்' என்ற பார்வை, நம் 'குடும்பஸ்தன்' போல. எஸ்தார் போட்டால் 'எனக்கு ஆகியிருக்கிறது' என்ற பார்வை. ஸ்பெயினில் இரண்டாவது அதிகம், அமெரிக்கக் கண்டத்தில் பல நாடுகளில் முதலாவதும் சகஜம். யாரோடு கல்யாணம் என்று சொல்ல வரும்போது மட்டும் எஸ்தார் போடுங்கள்: 'எஸ்தா கஸாதா கொன் உன் மேதிகோ', ஒரு டாக்டரைக் கட்டியிருக்கிறாள். அந்த 'கொன்' முக்கியம், நம் 'ஓடு'.

ஆலமரத்தடி எழுதியது:

வைகைக்கரை அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

அம்மா, ஒரு விஷயம் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். பியூதாவும் விதவையும் ஒரே சொல். ஒப்புமைக்காகச் சொல்லவில்லை, பிறப்பிலேயே ஒன்று. லத்தீனில் 'விதுவா', வடமொழியில் 'விதவா', இரண்டும் ஒரே ஆதி மொழியிலிருந்து கிளைத்தவை. லத்தீன் கிளை ஸ்பெயின் போய் 'பியூதா' ஆயிற்று. வடமொழிக் கிளையிலிருந்து நாம் 'விதவை'யை வாங்கிக்கொண்டோம். நீங்கள் வலென்சியாவில் சொல்லப்போவது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்தான்.

ஆனால் ஒரே சொல்லின் மேல் இரண்டு ஊர்கள் வெவ்வேறு பாரத்தை ஏற்றி வைத்திருக்கின்றன. 'விதவை என்று எழுதினால் அதில் ஒரு பொட்டுகூட இல்லை, கைம்பெண் என்று எழுதினால் இரண்டு பொட்டு இருக்கிறது' என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சொல்லை மாற்றியாவது அந்தப் பெண்ணுக்குப் பொட்டைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறோம். அந்த அளவுக்கு அது வலித்திருக்கிறது. 'அறுத்தவள்' என்பதை வசவாகவே வைத்திருக்கிறோம். ஆண்பாலில் 'தபுதாரன்' என்று இலக்கியத்தில் இருக்கிறது, நம் தெருவில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மனைவியை இழந்த ஆணுக்கு நம் பேச்சு வழக்கில் பெயரே தேவைப்படவில்லை.

ஸ்பானிஷில் பியூதோ, பியூதா இரண்டும் சமமாக வாயில் புழங்கும். படிவத்தில் இரண்டும் இருக்கும். 'எஸ் பியூதோ' என்று அண்டை வீட்டுக்காரரைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்வார்கள்.

அங்கே எல்லாமே இனிப்பு என்று சொல்ல மாட்டேன். 'லூத்தோ' என்று துக்கம் காப்பது அங்கேயும் கடுமையாகத்தான் இருந்தது. கிராமங்களில் கணவனை இழந்த மூதாட்டிகள் கறுப்புடை போட்டால் பல வருடம், சிலர் சாகும்வரை, அதைக் கழற்றியதில்லை. இன்றைக்கு நகரத்து வீடுகளில் அது மங்கிவிட்டது.

பூவரசு எழுதியது:

ஆலமரத்தடி ஐயா சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. அந்தச் சொல்லை அரசாங்கமும் கூசாமல்தான் பயன்படுத்துகிறது. ஸ்பெயினில் கணவனையோ மனைவியையோ இழந்தவருக்குக் கொடுக்கும் ஓய்வூதியம் 'பென்ஸியோன் தே பியூதெதாத்'. மெக்ஸிகோவில் அதே பணம் 'பியூதேஸ்'. ஆண் பெண் இருவருக்கும் ஒரே பெயர். நம் ஊரில் என் அம்மா 'ஆதரவற்ற விதவைச் சான்றிதழ்' வாங்க அலைந்த நாட்களில், அந்த 'ஆதரவற்ற' என்ற சொல்லைப் படிவத்தில் பார்த்து நான் அழுதிருக்கிறேன். நான் இருந்தேனே அம்மாவுக்கு.

பாத்தியும்பாதியும் எழுதியது:

வலென்சியா போகும் முன் உச்சரிப்பு பற்றி ஒன்று. ஸ்பானிஷில் 'த' இரண்டு. உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் மென்மையான ஒன்று 'கஸாதோ', 'பியூதா'வில் இருக்கிறது. அது நம் 'பாதி'யில் வரும் த. இன்னொன்று வல்லினம், 'ஸெஞோரீத்தா'வில் வருவது, நம் 'பாத்தி'. தமிழ் வாய்க்கு இது பிறவியிலேயே வந்துவிடும். ஆங்கிலம் பேசுபவர்கள் இந்த மெல்லிய த வராமல் மாதக்கணக்கில் திண்டாடுவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். அதேபோல் 'ஸெஞோரா'வில் இருப்பது சாட்சாத் நம் ஞ. 'பியூதா' எழுத்தில் 'வி' போல் இருந்தாலும் வாயில் 'பி'தான்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 'கஸார்' என்றால் மணம் முடிப்பது, தமிழில் அதேபோல் எழுதினாலும் ஸ்பானிஷ் எழுத்தில் வேறான இன்னொரு 'கஸார்' உண்டு, வேட்டையாடுவது. ஸ்பெயினின் பெரும்பகுதியில் வேட்டைக்கு நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்து 'கதார்' போலச் சொல்வார்கள், அதனால் குழப்பம் இல்லை. அமெரிக்கக் கண்டம் முழுக்க இரண்டும் ஒரே ஒலி. மேலே சார் எழுதிக்கொடுத்த வாக்கியத்தில் 'ஆஸே' இல்லாமல் 'ஆதே' என்று இருப்பதற்கும் இதுதான் காரணம், வலென்சியாவுக்கு அதுதான் சரி.

குவாதலஹாரா எழுதியது:

மெக்ஸிகோவிலிருந்து. இங்கே வங்கியில் கணக்குத் தொடங்கப் போனபோது படிவத்தில் 'உனியோன் லீப்ரே' என்று ஒரு கட்டம் இருந்தது. சுதந்திரக் கூட்டணி என்று ஏதோ கட்சி விவகாரமாக நினைத்தேன். தாலி கட்டாமல், பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களாம். சட்டத்தில் அதற்குப் பெயர் 'கொன்குபினாதோ'. அப்படி வாழும் பெண் 'கொன்குபினா'. தமிழ் அகராதியில் இதற்கு 'வைப்பாட்டி' என்று போட்டிருந்ததைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். மெக்ஸிகோ நீதிமன்றத்தில் அது வசவே இல்லை. சொத்து, ஜீவனாம்சம், மருத்துவக் காப்பீடு என்று உரிமைகளோடு வரும் சட்டச் சொல். ஆனால் வீட்டில் யாரும் தன் துணையை அப்படி அறிமுகப்படுத்துவதில்லை, 'மி பரேஹா' என்பார்கள், அல்லது சும்மா 'மி எஸ்போஸா', என் மனைவி என்றே சொல்லிவிடுவார்கள்.

கொலம்பியாவிலும் 'உனியோன் லீப்ரே' மிகவும் சகஜம் என்று அலுவலகத் தோழி சொன்னாள். அங்கே 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால் சொத்தில் கணவன் மனைவிபோலப் பங்கு உண்டு என்கிறது.

லீமாவாசி எழுதியது:

பெருவில் அவர்களை 'கொன்பிபியென்தே' என்பார்கள், கூட வாழ்பவர். சேர்ந்து வாழ்ந்து சேர்த்த சொத்துக்கு அரசியல் சாசனத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்து மூன்று பிள்ளை பெற்றாலும் அடையாள அட்டையில் இருவரும் ஸொல்த்தேரோதான். எஸ்தாதோ ஸிபில் என்பது காகிதத்தின் மொழி. வாய் பேசும் மொழி வேறு.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விதவையும் பியூதாவும் ஒரே சொல் என்று படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

'பரேஹா' என்று சொன்னீர்களே, அதைப் பற்றி ஒன்று கேட்கட்டுமா? மகன் இரண்டு வருடமாக அந்தப் பெண்ணை 'மி பரேஹா' என்றுதான் போனில் மற்றவர்களிடம் சொல்லுவான். சிநேகிதி என்று நினைத்துக்கொண்டேன். 'நோபியா' என்றால்தானே காதலி?

மஞ்சள்நோட்டு எழுதியது:

அம்மா, 'பரேஹா' என்றால் ஜோடி. ஜோடியில் ஒருவரையும் அதே சொல்லால் குறிப்பார்கள். கல்யாணம் ஆனதா, இல்லையா, ஆணா, பெண்ணா எதையும் அது வெளியில் சொல்லாது. ஆணைக் குறித்தாலும் அது இலக்கணத்தில் பெண்பாலாகவே நிற்கும், 'லா பரேஹா'. ஒரே வீட்டில் வாழும் அளவுக்கு நெருக்கம் என்ற தொனி பெரும்பாலும் இருக்கும். தம்பி உங்களிடம் எதையும் மறைக்கவில்லை, அந்த ஊர்ச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். பதிவு செய்துகொண்டால் 'பரேஹா தே எச்சோ', அந்தந்தத் தன்னாட்சிப் பகுதிக்கு அதன் விதிகள் வேறு. அப்போதும் எஸ்தாதோ ஸிபில் மாறாது.

'நோபியோ, நோபியா' மூன்று படி ஏறும் சொல். காதலிக்கும்போதும் நோபியா, நிச்சயமான பிறகும் நோபியா, மணமேடையில் நிற்கும்போதும் நோபியா. அன்று சாயங்காலமே 'ரெஸியேன் கஸாதா', புதுசாகக் கல்யாணமானவள். அதற்குப் பிறகு ஸ்பெயினில் 'மி முஹேர்' என்பார்கள். நேர்ப்பொருள் 'என் பெண்', நம் ஊரில் 'என் பொம்பளை' என்றால் முகம் சுளிப்போம், அங்கே அது இயல்பான மரியாதைச் சொல். மனைவி சொல்வது 'மி மரீதோ'. 'எஸ்போஸா' சற்று எழுத்து நடை, லத்தீன் அமெரிக்காவில் பேச்சிலும் வரும். பன்மையில் 'எஸ்போஸாஸ்' என்றால் கைவிலங்கு என்றும் பொருள், செய்தித்தாள் படிக்கும்போது தடுமாறாதீர்கள்.

சாந்தியாகோமலை எழுதியது:

சிலி பற்றிச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது. இங்கே விவாகரத்துச் சட்டம் வந்ததே 2004இல்தான். அதற்கு முன் பிரிய நினைத்த தம்பதிகள் கல்யாணமே செல்லாது என்று வழக்குப் போடுவார்கள். 'எங்கள் முகவரி தவறு, அதனால் பதிவு செய்த அதிகாரிக்கு எங்கள் மேல் அதிகாரம் இல்லை' என்று சாட்சிகளை வைத்துச் சொல்வார்கள், நீதிமன்றமும் ஏற்கும். அப்படி 'நுலிதாத்' (செல்லாது என்ற தீர்ப்பு) கிடைத்தவர் திபோர்ஸியாதோ (விவாகரத்தானவர்) அல்ல, திரும்பவும் ஸொல்த்தேரோ. பெரிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு காகிதத்தில் கன்னி. வழக்குக்கு வழியில்லாதவர்கள் 'ஸெபராதோ', பிரிந்து வாழ்பவர் என்று சொல்லிக்கொண்டே ஆயுளைக் கழித்தார்கள். என் வீட்டுச் சொந்தக்காரம்மா அப்படிப்பட்டவர். 2004க்குப் பிறகு, அறுபது வயது தாண்டி, 'திபோர்ஸியாதா' என்று எழுதும் உரிமை கிடைத்தபோது கேக் வெட்டினாராம். அந்தச் சொல்லைக் கேட்டால் நம் ஊரில் உச்சுக்கொட்டுவோம், அவருக்கு அது விடுதலைப் பத்திரம்.

2015இல் 'கொன்பிபியென்தே ஸிபில்' என்று புதிதாக ஓர் எஸ்தாதோ ஸிபிலையே சேர்த்தார்கள். இங்கே அது காகிதத்திலும் ஏறும், லீமாவாசி சொன்ன பெரு மாதிரி இல்லை.

மஞ்சள்நோட்டு எழுதியது:

ஸ்பெயினிலும் கதை நீளம்தான். 1932இல் குடியரசுக் காலத்தில் விவாகரத்து வந்தது, சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி அதை ஒழித்தது, மறுபடி வந்தது 1981இல். இடைப்பட்ட நாற்பது வருடமும் பிரிந்தவர்களுக்கு ஸெபராதோ என்ற ஒரே வாசல்தான். இன்றைக்கும் படிவங்களில் ஸெபராதோ, திபோர்ஸியாதோ தனித்தனியாக இருக்கும். ஸெபராதோ என்றால் தாம்பத்தியப் பந்தம் அறவில்லை, மறுமணம் செய்ய முடியாது. இரண்டையும் மாற்றி எழுதினால் காகித வேலை நின்றுவிடும்.

பூவரசு எழுதியது:

காகித வேலை என்றதும் ஒன்று. நான் மத்ரித் வருவதற்காக எங்கள் திருமணச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுத்தேன். நம் சான்றிதழில் கல்யாணத்துக்கு முன் பெண்ணின் நிலை 'ஸ்பின்ஸ்டர்' என்று இருக்கும் அல்லவா? மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்து 'ஸொல்த்தெரோனா' என்று போட்டுவிட்டார். அது முதிர்கன்னி என்று குத்திக்காட்டும் சொல். எனக்கு அப்போது 24 வயது. 'ஸொல்த்தேரா' என்று இருந்தால் போதும். திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. ஸ்பெயினுக்கு ஆவணம் எடுத்துப்போகிறவர்கள் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்தில் முத்திரை வாங்கி, 'திராதுக்ஸியோன் ஹுராதா' செய்யும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள். வாங்கியதும் எஸ்தாதோ ஸிபில் வரியை நீங்களே ஒரு முறை படியுங்கள்.

அந்தச் சொல்லுக்குத் துணையாக ஒரு மரபுத்தொடரும் இருக்கிறது. கல்யாணமாகாமல் வயது ஏறிய பெண்ணை 'ஸே கெதோ பாரா பெஸ்தீர் ஸாந்த்தோஸ்' என்பார்கள், கோயிலில் புனிதர் சிலைகளுக்கு உடை மாற்றிவிட மிஞ்சிவிட்டாள் என்று. 'ஸொல்த்தெரோன்' என்று ஆண்பாலும் உண்டு, ஆனால் அதில் இந்தக் கூர்மை இல்லை. பியூதோ, பியூதா சமமாக இருக்கிறது என்று மேலே படித்தேன், இங்கே சமமில்லை.

குவாதலஹாரா எழுதியது:

கொஸ்தா ரிக்கா போகிறவர்களுக்கு: ஹோட்டலில் 'கஸாதோ' என்று எழுதியிருந்தால் அது சாப்பாடு. சோறு, பீன்ஸ், பொரித்த பழுத்த வாழை, சாலட், கூட இறைச்சியோ மீனோ. நம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வரும், ஏங்கிப்போய்ச் சாப்பிட்டேன்.

ஆலமரத்தடி எழுதியது:

அம்மாவின் மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன், எனக்குப் பிடித்த இடம்.

நீங்கள் தேடிய சொல் ஆங்கிலம் வழியாகப் போனால் கிடைக்காது, ஆங்கிலத்தில் அந்த உறவுக்குப் பெயரே இல்லை. ஸ்பானிஷில் இருக்கிறது: 'கொன்ஸுவேக்ரா'. 'ஸுவேக்ரா' மாமியார், 'கொன்' உடன். உடன்மாமியார். நம் சம்பந்தியம்மா! இரண்டு பெற்றோரும் சேர்ந்து 'கொன்ஸுவேக்ரோஸ்', சம்பந்திகள். வீட்டில் அந்தப் பகுதி மொழியான வலென்சியானோ பேசுபவர்களாக இருந்தால் 'கொன்ஸோக்ரா' என்பார்கள்.

இன்னும் கேளுங்கள். 'குஞாதோ' மச்சான். 'கொன்குஞாதோ' யார் தெரியுமா? மனைவியின் சகோதரியைக் கட்டியவர். நம் சகலை! பெண்பாலில் 'கொன்குஞாதா', கணவனின் சகோதரன் மனைவி, ஓரகத்தி. கல்யாணத்தால் விரியும் உறவுகளை எண்ணிப் பெயர் வைத்த மொழி அது, நம்முடையதைப் போலவே.

ஆனால் ஒரு வித்தியாசம். நாம் 'சம்பந்தியம்மா, வாங்க' என்று கூப்பிடுகிறோம். அங்கே கொன்ஸுவேக்ரா என்று நேரில் விளிப்பது அபூர்வம், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், 'தூ' போட்டு ஒருமையில். நமக்குக் கூசும். மரியாதைக் குறைவு இல்லை. பிறரிடம் சொல்லும்போது 'தே பிரெஸேந்த்தோ ஆ மி கொன்ஸுவேக்ரா' என்பார்கள், இவர் என் சம்பந்தி, அறிமுகப்படுத்துகிறேன் என்று.

வைகைக்கரை எழுதியது:

நேற்று சாயங்காலம் அவர்களோடு வீடியோவில் பேசினேன். மகன் வேலையில் இருந்தான், நாங்கள் இருவர் மட்டும். முதல் முறை.

மஞ்சள்நோட்டு சார் எழுதித் தந்ததை அப்படியே சொன்னேன். 'மெ கெதே பியூதா ஆதே க்வாத்ரோ ஆஞோஸ்.' அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் 'லோ ஸியேந்த்தோ முச்சோ' என்றார், நான் 'கிராசியாஸ்' என்றேன். பிறகு தன்னைக் காட்டி 'யோ எஸ்தோய் திபோர்ஸியாதா' என்றார். எஸ்தார்தான் போட்டார், சார், நடந்தது, அதன் விளைவு நிற்கிறது. எனக்குப் புரிந்தது. அவருடைய முன்னாள் கணவரும் கல்யாணத்துக்கு வருவாராம், பெண்ணை அழைத்துவருவது அவர்தானாம்.

அதற்குப் பின் அவர் சொன்னது எனக்குச் சரியாக விளங்கவில்லை. 'லா மத்ரீனா எரெஸ் தூ' என்று இரண்டு முறை சொன்னார், என் பக்கம் விரலை நீட்டி. அகராதியில் ஞானத்தாய் என்று போட்டிருக்கிறது. யாருக்கு ஞானஸ்நானம்? நான் சொன்ன பியூதா அவருக்குச் சரியாகக் கேட்டதா என்றும் சந்தேகமாக இருக்கிறது.

பூவரசு எழுதியது:

அக்கா, சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஸ்பெயின் கல்யாணத்தில் பெண்ணின் அப்பா 'பத்ரீனோ', மாப்பிள்ளையின் அம்மா 'மத்ரீனா'. அதுதான் வழக்கம். மாப்பிள்ளை அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு எல்லோர் முன்னிலையிலும் நடந்துவந்து மணமேடையில் நிற்பார். மணமகள் வரும்வரை அம்மா அவன் பக்கத்திலேயே நிற்பார். மத்ரீனா கஸாதாவா, பியூதாவா என்று யாரும் கேட்பதில்லை. மாப்பிள்ளையைப் பெற்றவர் என்பது மட்டும்தான் தகுதி.

ஆலமரத்தடி எழுதியது:

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போங்கள் அம்மா. அங்கே மத்ரீனாக்கள் 'மந்த்தீயா' என்ற பின்னல் முக்காடும் உயரச் சீப்பும் அணிவது பழைய வழக்கம். உங்களுக்கு நம் மல்லிகை.

வைகைக்கரை எழுதியது:

என் தங்கை கல்யாணத்துக்கு நான்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தேன். அண்ணன் மகள் கல்யாணத்தில், இவர் போன பிறகு, பந்தி பரிமாறும் பக்கமே இருந்துகொண்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, நானாகப் போய்விட்டேன். வலென்சியாவிலும் பின்வரிசையில் ஒரு நாற்காலி போதும் என்று மகனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அரக்கு நிறத்தில் ஒரு காஞ்சிப் பட்டு இருக்கிறது, அவர் எடுத்துக் கொடுத்தது. நான்கு வருடமாகப் பிரிக்கவில்லை. இன்று எடுத்து நிழலில் காயப் போட்டிருக்கிறேன்.

மஞ்சள்நோட்டு சார், அவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். 'ஸீ, ஸோய் லா மத்ரீனா.' ஸேர்தானே?

மஞ்சள்நோட்டு எழுதியது:

ஸேர்தான் அம்மா. அனுப்புங்கள்.